ஹோஃப்வெய்க் மாளிகை: தலை இருக்கிறது, கால்கள் எங்கே?

1. செங்கல்சுவர் (இழையைத் தொடங்கியவர்)

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ரயில் ஏறினால் சில நிமிடங்களில் ஃபோர்பர்க் வந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மாளிகையைத் தேடவே வேண்டாம். நீருக்கு நடுவே, கூம்பிய கூரையுடன், சதுரமாக ஒரு செங்கல் வீடு நிற்கிறது. அதுதான் ஹோஃப்வெய்க். மாளிகை என்றதும் நூறு அறைகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இதன் அளவு ஏமாற்றமாக இருக்கும். நம் ஊர்ப் பெரிய வீடுகள் பலவற்றுக்குள் இதை அப்படியே தூக்கி வைத்துவிடலாம். ஆனால் நான் பார்த்த எந்த அரண்மனையும் இந்தச் சிறிய வீட்டைப் போல என் மனத்தில் தங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த இழை. முடிவில் ஒரு கேள்வியும் இருக்கிறது.

வீட்டைக் கட்டியவர் கான்ஸ்டன்டெய்ன் ஹைகென்ஸ். 1596-இல் பிறந்தவர். டச்சு நாட்டுக்குத் தலைமை வகித்த ஆரஞ்சு வம்சத்து ஆளுநர்களுக்குச் செயலாளர், கவிஞர், இசை அமைத்தவர், பல மொழி கற்றவர். 1630-களில் தி ஹேக் நகரின் ப்ளெய்ன் சதுக்கத்தில் தனக்கென ஒரு பெரிய வீட்டை ஆசை ஆசையாகக் கட்டினார். அது முடியும் தறுவாயில், 1637 மே மாதம், மனைவி சூசன்னா ஃபான் பார்லே இறந்துபோனார். கடைசிக் குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஐந்து பிள்ளைகளோடு அந்தப் புதிய வீட்டுக்கு அவர் தனியாகக் குடிபோனார். மனைவியோடு கழிக்கும் ஒரு நாளைப் பற்றி எழுதிவந்த நெடுங்கவிதையை அப்படியே நிறுத்திவிட்டார். அது முடிக்கப்படவே இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1639 இறுதியில், ஃபோர்பர்க்கில் ஃப்லீட் கால்வாயின் கரையில் நீளமும் குறுகலுமான ஒரு நிலத்தை வாங்கினார். 1640-இல் வேலை தொடங்கி 1642-இல் வீடு எழுந்தது. பெயரிலேயே அவர் ஒளித்துவைத்த பொருள் இருக்கிறது. டச்சு மொழியில் ‘ஹோஃப்’ என்றால் அரசவை. தோட்டம் என்றும் பொருள். ‘வெய்க்’ என்பதில் விலகிப் போதலும் இருக்கிறது, அடைக்கலமும் இருக்கிறது. அரசவையை விட்டு விலகும் இடம், தோட்டத்தில் அடைக்கலம், இரண்டும் ஒரே சொல்லில். லத்தீனிலும் இதே சிலேடையை வைத்து ‘விட்டவுலியம்’ என்றார்.

இனித் தோட்டம். அவர் அதை ஒரு மனித உடலாக அமைத்தார். வீடு தலை. நீரைத் தாண்டினால் வருகிற பழத்தோட்டம் மார்பு. இரு ஓரங்களிலும் நீளும் மரச்சாலைகள் கைகள். நிலத்துக்குக் குறுக்கே ஓடிய ஊர்ப் பொதுச்சாலை இடுப்பு. சாலைக்கு அப்பாலிருந்த தோப்பு கால்கள். 1651-இல் எழுதி 1653-இல் அச்சிட்ட நெடுங்கவிதை ஒன்றில், வந்த விருந்தினரைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல் தோப்பிலிருந்து தொடங்கி வீடு வரை ஒவ்வொரு அடியாகக் காட்டுகிறார். இரண்டாயிரத்து எண்ணூறு வரிகளுக்கும் மேல். கவிதைக்கும் அதே பெயர்: ஹோஃப்வெய்க்.

கால்கள் இன்று இல்லை. 1870-இல் தி ஹேக்குக்கும் ஹௌடாவுக்கும் இடையே ரயில் வந்தது. தோப்பு நின்ற பக்கத்தைத் தண்டவாளமும் நிலையமும் எடுத்துக்கொண்டன. தலையும் மார்பும் மட்டும் மிஞ்சின. நான் ரயிலை விட்டு இறங்கியது அந்த உடலின் கால்கள் இருந்த பக்கத்தில் என்பது, உள்ளே போய்ப் பழைய வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன்.

என் கேள்வி இதுதான். இழந்ததை ஏதாவதொரு வகையில் மீண்டும் உண்டாக்க வேண்டுமா? அல்லது இப்படி வெட்டுப்பட்டு நிற்பதே அதன் வரலாறு என்று விட்டுவிட வேண்டுமா? வீட்டைக் கட்டிடமாக மட்டும் காட்டுவது போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை. தோட்டமும் கவிதையும் சேர்ந்தால்தான் ஹோஃப்வெய்க் முழுமையாகும்.

2. ஊசல்

ஹைகென்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். பள்ளியில் ஒளியியல் பாடத்தில் ‘ஹைகென்ஸ் தத்துவம்’ படித்தோமே, அவருக்கு இவர் உறவா?

3. செங்கல்சுவர்

தந்தை. நீங்கள் படித்தவர் கிறிஸ்டியான் ஹைகென்ஸ், 1629-இல் பிறந்த இரண்டாவது மகன். சனிக் கோளின் துணைக்கோள் டைட்டனை 1655-இல் கண்டவர். மறு ஆண்டு ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். உங்கள் புனைபெயரே அவருடையதுதான்!

தந்தை 1687-இல் காலமானார். அடுத்த ஆண்டு கிறிஸ்டியான் ஹோஃப்வெய்க்குக்குக் குடிவந்தார். ஒளியைப் பற்றிய அவருடைய நூல், அவர் இங்கே குடியிருந்த ஆண்டுகளில், 1690-இல் வெளியானது. மற்றக் கோள்களிலும் உயிர்கள் இருக்கக்கூடும் என்று வாதிடும் கடைசி நூலையும் இங்கிருந்த ஆண்டுகளில் எழுதினார். அது அவர் மறைவுக்குப் பின் 1698-இல் வந்தது. கோடையில் இனித்த வீடு குளிர்காலத்தில் அவரைத் தனிமையில் வாட்டியிருக்கிறது. நீர் சூழ்ந்த வீடு, இலையுதிர்ந்த மரங்கள், பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

ஃபோர்பர்க்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தத்துவஞானி ஸ்பினோசா 1663 முதல் 1670 வரை அங்கே குடியிருந்து கண்ணாடி வில்லைகள் தேய்த்தார். கிறிஸ்டியான் அவரை அறிவார். தம்பியிடமும் அண்ணனிடமும் வில்லை பற்றியே கடிதத்தில் பேசுகிற குடும்பம் அது. ஸ்பினோசாவின் வில்லைகளின் மெருகை அந்தக் கடிதங்களில் மெச்சியிருக்கிறார்.

4. மூலைமட்டம்

நான் கட்டிடக்கலை படித்தவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். செங்கல்சுவர் அவர்களே, உங்கள் ஈடுபாட்டை மதிக்கிறேன். ஆனால் உடல் வடிவம் என்ற செய்தியை எல்லோரும் அளவுக்கு மீறித் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

தோட்டத்தில் நடக்கிற ஒருவர் தான் ஒரு கையின் மேல் நடக்கிறோம் என்று ஒருபோதும் உணர மாட்டார். அது வானத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்தக் காலத்தில் வானத்திலிருந்து பார்க்க ஏது வழி? காகிதத்தில் மட்டுமே. ஹைகென்ஸும் நண்பர்களும் பழைய ரோமின் கட்டிடக்கலை ஆசிரியர் விட்ரூவியஸைக் கரைத்துக் குடித்தவர்கள். விட்ரூவியஸ் தம் மூன்றாம் புத்தகத்தில் சொல்வது, கோயிலின் உறுப்புகள் நல்ல மனித உடலின் உறுப்புகளைப் போல ஒன்றுக்கொன்று அளவில் இயைந்திருக்க வேண்டும் என்பது. விகிதம்தான் அங்கே பேச்சு. ஆள் படுத்திருப்பதுபோல் நிலத்தில் படம் போடச் சொல்லவில்லை.

எனக்கு ஹோஃப்வெய்க்கில் முக்கியமானது வீடு. யாகோப் ஃபான் காம்பென், பீட்டர் போஸ்ட் என்ற கட்டிடக் கலைஞர்கள் இருவரும் ஹைகென்ஸோடு சேர்ந்து உருவாக்கிய வீடு அது. அதற்கு முந்தைய தலைமுறையின் டச்சு வீடுகளை நினைத்துப் பாருங்கள்: படிக்கட்டுபோல் ஏறும் முகப்புச் சுவர், சுருள் சுருளான அலங்காரம், வெள்ளைக் கல் பட்டைகள். இவர்கள் அதையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டுச் சதுரம், சமச்சீர், அமைதி என்று வந்தார்கள். 1620-இல் ஹைகென்ஸ் தூதுக்குழுவோடு வெனிஸ் போனபோது இத்தாலியக் கட்டிடக் கலைஞர் பல்லாடியோவின் கட்டிடங்களைக் கண்ணால் கண்டார். லண்டனில் பல்லாடியோ வழிவந்த கட்டிடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸின் வேலையையும் பார்த்தவர். 1657-இல் ஃபான் காம்பென் இறந்தபோது ஹைகென்ஸ் எழுதிய கல்லறைக் கவிதையில் அவரைப் புகழ்வதும் இதற்காகத்தான்: காத்திக் பாணியின் சுருள் பைத்தியத்தை ரோமானிய மிடுக்கால் அடக்கியவர் என்று.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். வெளிச்சுவரில், சாளரங்களுக்கு இடையே, மாடங்களில் சிலைகள் நிற்பதுபோலத் தெரியும். கிட்டே போனால் அவை சாம்பல் நிறச் சாயல்களில் தீட்டிய ஓவியம். ஹாலந்தில் கல் கிடையாது. மணற்கல் வேண்டுமென்றால் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் பென்ட்ஹைமிலிருந்து படகேற்றிக் கொண்டுவர வேண்டும். மண் இருக்கிறது, அதனால் செங்கல் இருக்கிறது. சிலைக்குப் பதில் சிலையின் ஓவியம். கைச்செலவைக் குறைக்க வந்த யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். உள்ளதைக் கொண்டு ரோமாபுரியைக் கட்டிவிட முடியும் என்ற துணிவு அதில் இருக்கிறது. நான் மாணவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் அந்தச் சுவரின் முன்தான் நிறுத்துவேன்.

5. செங்கல்சுவர்

மூலைமட்டம் அவர்களே, ஓவியச் சிலைகளைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். இப்போது நாம் காண்பவை பின்னாளில் மீட்டு வரைந்தவை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

உடல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் எழுப்பிய மறுப்பை ஹைகென்ஸ் காலத்திலேயே யாரோ எழுப்பியிருக்க வேண்டும். கவிதையில் அதற்கு விடை வைத்திருக்கிறார். சமச்சீரைக் குறை சொல்பவன் முதலில் தன்னையே இகழ்கிறான், கடவுள் படைத்தவற்றுள் மிக அழகான ஒன்றை இகழ்கிறான் என்கிறார். நம் முகத்தில் இரு கண், நடுவில் மூக்கு, இரு புறமும் கை. தோட்டத்தில் இடம் வலமாக ஒத்து நிற்கும் மரங்களைப் பார்த்து ‘சலிப்பாக இருக்கிறது’ என்பவர் கண்ணாடியைப் பார்க்கட்டும் என்பது அவர் கருத்து. ஆகவே நடப்பவர் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. இடத்தில் ஒன்று இருந்தால் வலத்தில் அதன் துணை இருக்கும் என்று நம் உடலே எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு ஒவ்வொரு அடியிலும் நிறைவேறுவதுதான் அங்கே நடையின் இன்பம்.

இடுப்பில் பொதுச்சாலை போனதையும் நினைத்துப் பாருங்கள். மதில் கட்டி ஊரை விலக்கவில்லை. வண்டிக்காரரும் விவசாயியும் தோட்டத்தின் நடுவே கடந்து போனார்கள். தலைமாட்டில் ஃப்லீட் கால்வாய். லெய்டனுக்கும் டெல்ஃப்டுக்கும் இடையே குதிரை இழுக்கும் பயணப் படகுகள் அதில் ஓடின. படகில் போகிறவர்கள் வீட்டைப் பார்த்து ‘இது யார் வீடு, இவ்வளவு பணம் ஏது?’ என்று வம்பு பேசுவதையும் அவரே கவிதையில் எழுதிவைத்திருக்கிறார். அரசவையிலிருந்து ஒதுங்க விரும்பியவர் ஊர்வாயிலிருந்து ஒதுங்கவில்லை. அதற்குக் காதுகொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இதைப் படித்தபோதுதான் எனக்கு அந்த மனிதர் மிகவும் பிடித்துப்போனார்.

6. ஈரமண்

இதுவரை யாரும் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. நான் தோட்ட வேலை செய்து பிழைக்கிறவன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்டில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. மரம் நட வேண்டும் என்றால் முதலில் வாய்க்கால் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை இரு பக்கமும் போட்டு மேடாக்க வேண்டும். வேர் அந்த மேட்டில்தான் மூச்சுவிடும். டச்சுத் தோட்டங்களில் எங்கு பார்த்தாலும் நீளமான, நேரான நீர்ப்பட்டைகள் இருப்பதன் முதல் காரணம் இது. அழகு பிறகு வந்து சேர்ந்துகொண்டது. பிரான்சில் அரசர்கள் நீரை மேலேற்றப் படாத பாடு பட்டார்கள். ஹாலந்தில் நீரை வடித்தால்தான் தோட்டம். ஹோஃப்வெய்க் வீட்டைச் சுற்றியுள்ள நீரையும் அப்படித்தான் பார்க்கிறேன். அது காவலுக்கு வெட்டிய அகழி இல்லை. வடிகாலைக் கண்ணாடியாக்கி, அதில் வீட்டின் முகத்தைப் பார்க்கவைத்திருக்கிறார்கள்.

காலக்கணக்கைப் பாருங்கள். நிலம் வாங்கியபோது ஹைகென்ஸுக்கு வயது 43. கவிதை எழுதியபோது மரங்களுக்குப் பத்து வயதுகூட நிறைந்திருக்காது. பத்து வயது ஓக் மரம் என்ன உயரம் இருக்கும்? நாம் கவிதையில் படிக்கிற அடர்ந்த தோப்பு அன்று நிலத்தில் இல்லை. வரப்போகிற தோப்பைத்தான் எழுதினார். மரம் நடுகிறவன் எல்லோருமே கன்றைப் பார்த்து மரத்தைச் சொல்கிறவன்தான். ஆனால் அவருக்கு ஆயுள் கெட்டியாக இருந்தது. 90 வயது வரை வாழ்ந்தார். நட்ட மரங்களின் நிழலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தார். இது எத்தனை பேருக்கு வாய்க்கும்? என் தகப்பனார் வைத்த பலா முதல் காய் விடும் முன்பே அவர் போய்விட்டார்.

7. உப்பளம்

அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் அந்தப் படகுப் பயணி மட்டும்தான். அவருடைய கேள்வியை நானும் கேட்கிறேன்.

ப்ளெய்ன் சதுக்கத்தில் ஹைகென்ஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே எழுந்தது மௌரிட்ஸ்ஹவுஸ். அதே ஃபான் காம்பென், அதே பீட்டர் போஸ்ட். சொந்தக்காரரான யோஹான் மௌரிட்ஸ் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக 1637 முதல் 1644 வரை பிரேசிலில் இருந்தார். அந்த ஆண்டுகளில் இங்கே கட்டிட வேலையைக் கவனித்துக்கொண்டவர் நம் ஹைகென்ஸ். அங்கே கரும்பு ஆலைகளுக்கு அடிமைகள் போதவில்லை என்பதற்காக மௌரிட்ஸ் 1637-இல் ஆப்பிரிக்கக் கரையில் எல்மினா கோட்டையைப் பிடிக்கப் படை அனுப்பினார். அந்த மாளிகையை அன்றைய மக்களே ‘சர்க்கரை வீடு’ என்றார்கள்.

நம் கரைக்கும் இதில் பங்குண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் ஹெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658-இல். சோழமண்டலத் துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் பழவேற்காட்டிலிருந்து பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் ஃபெக்ட் ஆற்றங்கரையில் வரிசையாகக் கட்டிய தோட்ட மாளிகைகளின் சமச்சீரை வியக்கும்போது இதையும் சொல்லாமல் போனால், பேச்சு பாதியில் நின்றதாகவே எனக்குப் படுகிறது.

8. செங்கல்சுவர்

சொன்னதற்கு நன்றி. முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டியது. மௌரிட்ஸ்ஹவுஸுக்கும் ஹைகென்ஸுக்கும் இருந்த தொடர்பு நீங்கள் சொன்னதுதான். அதை மறைத்து அவரைத் தோட்டக்காரக் கவிஞராக மட்டும் காட்டுவது நேர்மை ஆகாது.

ஹோஃப்வெய்க்கைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். ஹைகென்ஸின் பிழைப்பு அரண்மனைச் சேவகம். கோடைதோறும் ஆளுநர் ஃப்ரெடெரிக் ஹென்ட்ரிக் படையோடு கிளம்புவார். செயலாளரும் கூடவே போக வேண்டும். முற்றுகை நடக்கும் கூடாரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினார், கவிதையும் எழுதினார். தி ஹேக் நகரிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் ஓர் ஒதுங்கிடம் தேடியதற்கு அந்த வாழ்க்கைதான் காரணம். 1650 நவம்பரில் இளம் ஆளுநர் இரண்டாம் வில்லெம் அம்மையில் இறந்தார். ஹாலந்து மாகாணம் ஆளுநரே வேண்டாம் என்று முடிவுசெய்தது. அது இருபதாண்டுக்கு மேல் நீடித்தது. ஹைகென்ஸின் அலுவலில் பெரும்பகுதி போயிற்று. நெடுங்கவிதை 1651-இல் பிறந்ததற்கு அந்த ஓய்வும் ஒரு காரணம். அரசவையை விலக்கும் இடம் என்று பெயர் வைத்தவரிடமிருந்து அரசவையே விலகிக்கொண்டது.

9. பழைய வரைபடம்

நெதர்லாந்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன்: மீண்டும் உண்டாக்கலாம், உண்டாக்க வேண்டும். செய்ய முடியும் என்பதற்கு ஆப்பெல்டோர்ன் ஊரின் ஹெட் லோ அரண்மனை சாட்சி.

ஆரஞ்சு வம்சத்து ஆளுநர் மூன்றாம் வில்லெம் 1684-இல் அந்த இடத்தை வாங்கினார். யாகோப் ரோமான் கட்டினார், டானியெல் மரோ உள்ளலங்காரமும் தோட்ட அலங்காரமும் வரைந்தார். 1689-இல் வில்லெம் இங்கிலாந்தின் அரசரான பிறகு அரண்மனை இன்னும் பெரிதாயிற்று. மேல்தோட்டத்தில் அரசரின் நீரூற்று 13 மீட்டர் எழும்பியது. பிரான்சின் வெர்சாய் தோட்டத்தில் பிரம்மாண்டமான எந்திரம் வைத்து இறைத்தும் நாள் முழுவதும் ஊற்றுகளை ஓடவிட முடியவில்லை. இங்கே மேட்டு நிலத்திலிருந்து குழாயில் வந்த நீர் தன் அழுத்தத்திலேயே எழும்பியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியனின் தம்பி லூயி அரசராக வந்து, செங்கல் முகப்புக்குச் சாந்து பூசி வெள்ளையடித்தார். பழைய தோட்டத்தை மண்ணால் மூடி, ஆங்கிலப் பாணிப் பூங்காவாக மாற்றினார்.

1977-இல் தொடங்கி 1984 வரை அதையெல்லாம் திருப்பினார்கள். தோண்டியபோது பழைய தோட்டத்தின் அடித்தளங்கள் அப்படியே கிடைத்தன. மூடியதே அவற்றைக் காத்திருக்கிறது. சாந்தைப் பெயர்த்தார்கள், 1911-க்குப் பின் ஏற்றிய மாடியை இறக்கினார்கள், பாத்திகளை மீண்டும் வரைந்தார்கள். நான் முதன்முறை அந்த மேடையில் ஏறிக் கீழே பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. 300 ஆண்டுகள் கடந்து ஒரு தோட்டம் எழுந்து வந்திருக்கிறது. ஹோஃப்வெய்க்குக்கு மட்டும் ஏன் அந்தப் பேறு கிடைக்கக் கூடாது?

10. ஈரமண்

ஹெட் லோ தோட்டத்தைப் பற்றித் தொழில் முறையில் ஒரு செய்தி. பாத்தி ஓரங்களில் கோலம் போட்டதுபோல் ஓடும் குட்டை வேலிகளுக்குப் பக்ஸஸ் செடி வைத்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டிலும் அதுதான். அண்மைக் காலத்தில் பூஞ்சை நோய் வந்து அத்தனையும் கருகத் தொடங்கியது. பிடுங்கிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த ஐலெக்ஸ் இனம் ஒன்றை வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் அது 1690-இல் எந்த டச்சுத் தோட்டத்திலும் இல்லாத செடி. தவறு என்று சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மீட்டெடுத்த தோட்டமும் நட்ட நாளிலிருந்து மாறிக்கொண்டேதான் போகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

11. மூலைமட்டம்

பழைய வரைபடம் அவர்களே, ஹெட் லோவில் மீட்டார்கள் என்கிறீர்கள். அழித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவுக்கு அப்போது 170 வயது. வில்லெமின் தோட்டம் வாழ்ந்த காலத்தைவிட அது வாழ்ந்த காலம் அதிகம். அரசி வில்ஹெல்மினா 1962-இல் இறந்தது அந்த வெள்ளை வீட்டில்தான். 1690 மட்டும் வரலாறு, 1900 வரலாறு இல்லை என்று யார் தீர்மானித்தது? ஒரு நூற்றாண்டைக் காட்ட இன்னொன்றைச் சுரண்டி எடுப்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை.

ஹோஃப்வெய்க்கில் அந்தப் பாதைக்கு இடமே இல்லை. ரயில் நிலையத்தைப் பெயர்த்துவிட்டா தோப்பு வைப்பீர்கள்? தினமும் மக்கள் ஏறி இறங்கும் இடம் அது.

12. பழைய வரைபடம்

நிலையத்தை இடிக்கச் சொல்லவில்லை. மிஞ்சிய பகுதியையாவது பழைய வரைபடப்படி வைக்க வேண்டும் என்கிறேன். அந்த வகையில் ஏற்கெனவே வேலை நடந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: நீர்ப்பட்டைகளின் கோடு, பழமரங்களின் வரிசை எல்லாம் 1653-இல் கவிதையோடு வந்த அச்சுப்படத்தை ஒட்டியே இருக்கின்றன. மேலும், இந்த வீடு நிற்பதே மீட்பு எண்ணம் கொண்டவர்களால்தான். ஹைகென்ஸ் குடும்பத்தின் கையை விட்டு 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் போனது. பிறகு இடிபடும் நிலைக்கு வந்தபோது, 1849-இல் வரலாற்று அறிஞரும் அரசியல்வாதியுமான ஹ்ரூன் ஃபான் பிரின்ஸ்டெரர் வாங்கிக் காத்தார். 20-ஆம் நூற்றாண்டில் ஆர்வலர் சங்கம் ஒன்று அதை ஏற்று, 1928-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. எல்லோரும் ‘அழிவதும் வரலாறுதான்’ என்று கைகட்டி நின்றிருந்தால் நமக்கு இந்த இழையே இருந்திருக்காது. ஃப்ரெடெரிக் ஹென்ட்ரிக்கின் ஹொன்செலார்ஸ்டெய்க் அரண்மனையைப் பாருங்கள். ஹைகென்ஸ் எத்தனையோ முறை நடந்திருக்கக்கூடிய மண்டபங்கள், 1815-இல் இடித்துவிட்டார்கள். ப்ளெய்ன் சதுக்கத்தில் ஹைகென்ஸ் ஆசையாகக் கட்டிய வீட்டையும் 1876-இல் தரைமட்டமாக்கினார்கள்.

13. செங்கல்சுவர்

இரண்டு நாட்களாக உங்கள் பதிவுகளையும் கவிதையின் சில பகுதிகளையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கேள்விக்கு ஹைகென்ஸே ஓரிடத்தில் பதில் எழுதிவைத்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன். இந்தத் தோட்டத்தை ஏன் கவிதையில் எழுதுகிறேன் என்று சொல்லும்போது, மனிதனின் கைவேலை அவ்வளவு வலுவற்றது, காகிதத்தைவிடக் குறைந்த காலமே நிற்கும் என்கிறார். செங்கல்லும் ஓக் மரமும் போய்விடும், இந்தத் தாள் இருக்கும் என்று, மரங்கள் இன்னும் கன்றாக இருக்கும்போதே எழுதியிருக்கிறார். ரயில் வருவதற்கு 219 ஆண்டுகள் முன்பு.

ஆகவே என் நிலை சற்று மாறியிருக்கிறது. கால்களை மீண்டும் நட வேண்டும் என்று இனிக் கேட்க மாட்டேன். மூலைமட்டம் சொன்னதுபோல் அது மக்கள் ஏறி இறங்கும் இடம். அந்த நிலையத்தை ஹைகென்ஸே விரும்பியிருக்கலாம். இடுப்பின் குறுக்கே சாலை போனதைத் தடுக்காதவர், தலைமாட்டில் படகுக்காரர்களின் பேச்சைக் கேட்டு எழுதியவர். ஆனால் இறங்குகிறவர்களுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். தோப்பின் மரச்சாலைகள் ஓடிய கோட்டைத் தரையில் வேறு நிறச் செங்கல்லால் பதித்தால் போதும். பக்கத்தில் கவிதையின் அந்தப் பகுதி. எதையும் இடிக்க வேண்டாம், எதையும் பொய்யாக நட வேண்டாம்.

பழைய வரைபடம் அவர்களே, இது உங்களுக்குக் குறைவாகப் படலாம் என்று தெரியும்.

14. பழைய வரைபடம்

குறைவுதான். ஆனால் அந்தச் செங்கல் கோட்டுக்கு என் கையெழுத்து உண்டு.

15. மூலைமட்டம்

எனக்கும் உடன்பாடு. கோட்டைச் சரியான அளவில் பதிக்க வேண்டும், 1653 படத்தின் விகிதம் ஒரு செங்கல்லிலும் தவறக் கூடாது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அப்படி ஒரு கோடு இருந்தால், நடப்பவருக்கு உடல் தெரியாது என்ற என் வாதம் நிற்காது.

16. ஊசல்

அடுத்த மாதம் அலுவல் காரணமாக தி ஹேக் போகிறேன். அரை நாள் ஓய்வு கிடைக்கும். இந்த இழையைப் படித்த பிறகு போகாமல் இருக்க முடியாது. எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

17. செங்கல்சுவர்

நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் வீட்டை நோக்கி நேராகப் போகாதீர்கள். முதலில் நிலையத்துப் பக்கமே சற்று நில்லுங்கள். அதுதான் கவிதை தொடங்கும் இடம், விருந்தினர் தோப்புக்குள் காலெடுத்து வைக்கும் இடம். பிறகு சாலையைக் கடந்து செல்லுங்கள், அதுதான் இடுப்பு. பழமரங்களின் நடுவே மெதுவாக நடங்கள். பாலத்தைத் தாண்டி உள்ளே போய், உங்கள் ஊசல் கடிகாரக்காரர் இருந்த அறைகளைப் பாருங்கள். முடிந்தால் ஃப்லீட் பக்கச் சாளரத்தருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். இப்போதும் படகுகள் போகின்றன.